பலகையின் பின்பக்கம்

பிளசன்டனில் என் வீட்டு கராஜில், பழைய சைக்கிளுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நடுவே ஒரு பலகை சாய்ந்து நிற்கிறது. பலகை என்றால் மரம் இல்லை. தேர்தல் சமயத்தில் வீட்டு வாசல் புல்வெளியில் நட்டு வைப்பார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் அட்டை. வெள்ளைப் பரப்பில் நீல எழுத்தில் பைபிளின் பத்துக் கட்டளைகளும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அடியில் கம்பி செருக இரண்டு ஓட்டைகள். முன்பக்கம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. பின்பக்கத்தில்தான் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை, வடகமும் மோர் மிளகாயும் காய்ந்த கறை. போன வாரம் சர்ச் ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் போன் பண்ணி, ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அந்தப் பலகையைத் தர முடியுமா என்று கேட்டார். "விசுவாசத்துக்காக நீதிமன்றம் வரை போன நம் சகோதரியின் வீட்டு முற்றத்தில் நின்ற பலகை" என்று அடியில் எழுதி வைக்கப் போகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, கோபம்தான் வந்தது.

அந்தச் சகோதரி என் அண்ணன் மனைவி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனும் மைனியும் இரண்டு பிள்ளைகளோடு மில்பிடாஸில் வாடகை வீட்டில் இருந்தார்கள். நானும் என் கணவரும் மலைக்கு இந்தப் பக்கம் பிளசன்டனில். அமெரிக்க சர்ச் ஒன்று தன் ஹாலை எங்கள் தமிழ்ச் சபைக்கு ஞாயிறு மத்தியானத்தில் வாடகைக்கு விட்டிருந்தது. மைனி காலையில் அவர்களுடைய ஆங்கில ஆராதனைக்கும் போவாள், மத்தியானம் எங்கள் தமிழ் ஆராதனைக்கும் வருவாள். ஒருநாளில் இரண்டு பிரசங்கம் கேட்டும் தூங்காத ஒரே ஆள் அவள்தான் என்று அண்ணன் கேலி பண்ணுவான்.

மைனி ஞாயிற்றுக்கிழமையை ஆசரித்த விதம் எங்கள் ஊரிலேயே முந்தின தலைமுறையோடு முடிந்துபோன ஒன்று. சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறுக்குச் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஆக்கி இறக்கிவிடுவாள். ஞாயிறன்று அடுப்பு பற்றவைக்க மாட்டாள். கடைக்குப் போக மாட்டாள், துணி துவைக்க மாட்டாள், ஊசியில் நூல் கோக்கக்கூட மாட்டாள். பிள்ளைகள் "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பட்டன்" என்று சட்டையை நீட்டினால், "திங்கக்கிழமை அந்த பட்டன் ஓடியா போயிரும்?" என்பாள். யாரையும் அவள் கட்டாயப்படுத்தியதில்லை. ஆராதனை முடிந்ததும் சபையில் பாதிப் பேர் நேரே இந்தியன் ஸ்டோருக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவோம். அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ஆறின சோற்றில் ஆறின குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டிப் படுப்பாள். எனக்குப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

அவள் வேலை பார்த்தது மில்பிடாஸில், கம்ப்யூட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில். நீலக் கோட்டு போட்டு, மணிக்கட்டில் ஒரு ஒயர்ப் பட்டை கட்டி, பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன ஈயப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணனுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆகி வேலையும் போயிருந்த காலம் அது. மாத்திரை, டாக்டர், ஸ்கேன் எல்லாம் மைனியின் வேலையோடு வந்த இன்ஷூரன்ஸில்தான் ஓடின. வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும், இன்ஷூரன்ஸ் போனால் அண்ணனின் நெஞ்சுக்குக் காவல் இல்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டில் ஒரு மனுஷனின் இதயம் அவன் பெண்டாட்டியின் ஷிப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இது ஒரு சமூகப் பிரச்சினை என்று எங்கள் சர்ச்சில் ஒருநாளும் ஜெபித்ததில்லை. ஜெபிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

தொழிற்சாலையில் ஞாயிறன்றும் வேலை உண்டு. அதற்கு மைனி கண்டுபிடித்த வழி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், நெற்றியில் திருநீறு, அதன் கீழே குங்குமம். அவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், லிவர்மோர் கோயிலுக்குப் போக வேண்டும். "ஏனுங்கக்கா, என்ற வெள்ளிக்கெழமைய நீங்க பாத்துக்கறீங்களா? உங்க ஞாயித்துக்கெழமைய நான் பாத்துக்கறனுங்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாராம். மைனி பூரித்துப்போனாள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக அப்படியே ஓடியது. மைனி வெள்ளி சாயங்கால ஷிப்டில் உட்கார்ந்தால் அக்கா லிவர்மோரில் சுற்றிக் கும்பிடுவார். அக்கா ஞாயிறன்று ஈயப் பொட்டு பார்த்தால் மைனி ஆராதனையில் பாடுவாள். பழைய சூப்பர்வைசர் தலையாட்டியதோடு சரி. போர்டு ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு கோயிலும் ஒரு சபையும் ஒரே நாற்காலியை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் இன்டர்நெட் காய்ச்சல் வந்தது. ஆர்டர் குவிந்தது. புது மேனேஜர் ஒருவர் வந்தார். ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கூடாது, கம்ப்யூட்டர் போட்டுத் தரும் அட்டவணைதான், ஞாயிறு வேலை எல்லோருக்கும் உண்டு என்றார். கோயம்புத்தூர் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், வேறு வழி தெரியாமல் வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்தார். மைனி விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு வர முடியாது, பதிலுக்கு எந்த நாள் வேண்டுமானாலும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். வரிசையாகச் சில ஞாயிறுகள் வராமல் இருந்ததும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் வேண்டுமானால் கைக்காசைக் கட்டித் தொடரலாம் என்றார்கள். அந்தத் தொகையைக் கட்ட முடிகிறவர்கள் ஈயப் பொட்டு பார்க்க வரமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் சர்ச் உள்ளே வருகிறது. அந்தச் சமயம் தெற்கே ஏதோ ஒரு மாநிலத்தில், நீதிமன்றச் சுவரில் பத்துக் கட்டளைகளை மாட்டலாமா கூடாதா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஹால் விட்ட அமெரிக்க சர்ச்சின் போதகர் வாராவாரம் அதைப் பற்றித்தான் பேசுவார். கிறிஸ்தவர்களுக்கு இந்த நாட்டில் இனி இடமில்லை என்று கர்ச்சிப்பார். ஆளுக்கொரு பலகை கொடுத்து வீட்டு முன்னால் நடச் சொன்னதும் அப்போதுதான். மைனி வீட்டுப் புல்வெளியிலும் ஒன்று நின்றது. அவளுக்கு அந்தப் பலகை பிடிக்கும். காலையில் தண்ணீர் விடும்போது அதன் முகத்தையும் துடைத்துவிடுவாள். வேலை போன செய்தி போதகர் காதுக்கு எட்டியதும், சர்ச்சோடு சேர்ந்து இயங்கிய ஒரு வக்கீல் குழு மைனியைத் தேடி வந்தது. சேலை கட்டிய ஒரு பெண், ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்ற நான்காவது கட்டளையைக் காப்பாற்றியதற்காக வேலையை இழந்திருக்கிறாள். அவர்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். போட்டோ எடுத்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி இன்னொரு போட்டோ. சர்ச் பத்திரிகையில் வந்தது. மைனிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, "வேலையத் திருப்பி வாங்கித் தருவாவளா? அதக் கேளு புள்ள" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

வக்கீல் நாற்பது வயதுக்காரர், நல்ல உயரம், நல்ல பல். அவருக்கு மைனியின் கதையை முழுக்கச் சொன்னோம். ஷிப்ட் மாற்றிக்கொண்டதையும் அக்காவைப் பற்றியும் சொன்னபோது எழுதுவதை நிறுத்தினார். வழக்குக்கு அக்காவின் சாட்சியைவிடப் பெரிய பலம் எது? இத்தனை வருஷம் இப்படி நடந்தது, கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். வக்கீலோ பேனாவை மூடியபடி, கதையை எளிமையாக வைத்துக்கொள்வோம் என்றார். ஆதரவாளர்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்காகக் கை கொடுக்கிறார்கள், கோயிலுக்குப் போக லீவு கேட்கும் பெண்ணையும் அதே மேடையில் ஏற்றினால் அவர்களுக்குக் குழப்பம் வரும் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மைனிக்கு ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரமே ஆகவில்லை. "அவ இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல. அவ வரணும்" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சரி, சாட்சிகளில் சேர்க்கிறோம் என்றார் வக்கீல்.

இன்னொரு விஷயமும் அவரிடம் சொல்லியிருந்தோம். ஷிப்ட் மாற்றம் நடந்த காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மைனிக்குப் போன் வந்தது. கோயம்புத்தூர் அக்காவின் கடைசிப் பிள்ளை மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடி, எமர்ஜென்சியில் சேர்த்திருக்கிறார்கள். அக்கா தொழிற்சாலையில் ஷிப்டில் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலியை விட்டு எழுந்தால் வேலை போய்விடும். மைனி தமிழ் ஆராதனைக்குப் புறப்பட்டு நின்றவள், அதே பட்டுச்சேலையோடு தொழிற்சாலைக்குப் போய், அதன்மேல் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, மீதி ஷிப்டை முடித்துக் கொடுத்தாள். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று இயேசு சொன்னது எங்கள் ஊர் ஞாயிறு பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் அங்கே இன்னொன்று செய்தாள். அழுதுகொண்டே கிளம்பிய அக்கா, "உங்க கார்ட அடிக்காதீங்கக்கா, என்ற பேர்லயே ஓடட்டும். யாரும் பாக்கமாட்டாங்க" என்றிருக்கிறார். மைனி ஒத்துக்கொள்ளவில்லை. உட்காராத ஆள் உட்கார்ந்ததாகக் காட்டுவது பொய்ச்சாட்சி, அதுவும் பத்துக் கட்டளையில் ஒன்றுதான் என்று, வேலை நேரம் பதியும் தன் கார்டையே மெஷினில் அடித்துவிட்டு உட்கார்ந்தாள். இப்படி ஒரு தப்பை எங்கள் மைனி மாதிரி ஒரு திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரியைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். அந்த ஒரு ஞாயிறு, அவள் பெயரிலேயே, கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது.

விசாரணை நாளன்று கோயம்புத்தூர் அக்கா சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய பூ இல்லையென்றாலும் கொண்டை சுத்தமாக, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. மேனேஜருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "போனாப் போகட்டுங் அக்கா. அவிய என்ற புள்ளைக்காக வந்தவிய" என்றார் என்னிடம். வராந்தா பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே கூப்பிடும்போது சாட்சி சொல்ல வேண்டும், அதுவரை வெளியேதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று முழுவதும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

உள்ளே போவதற்கு முன்னால் வக்கீல் மைனியை ஓரமாக அழைத்தார். அந்த ஒரு ஞாயிற்றைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அன்றைக்கு வற்புறுத்தலில் போனேன், போனது பாவம் என்று பிறகு மனம் வருந்தினேன் என்று சொல்லிவிட்டால் போதும், சமாளித்துவிடலாம் என்றார். நான் தமிழில் சொன்னேன். மைனி தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது பாவம்னு நான் சொன்னேன்னா, அதுதான் புள்ள பாவம்" என்றாள்.

கம்பெனி வக்கீல் கேட்டார், அந்த ஞாயிறு வேலை பார்த்தீர்களா? பார்த்தேன். உங்கள் கார்டுதானா? என் கார்டுதான். யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை. வருந்தினீர்களா? இல்லை. ஏன் போனாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நம் வக்கீலும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் திருநீறு பூசிய அக்காவை உள்ளே கூட்டிவர வேண்டியிருக்கும். சாட்சி ஐந்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கத்தியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.

தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது. தொழிலாளியின் மதத்துக்காக அற்பமான சிரமத்துக்கு மேல் கம்பெனி எதையும் தாங்கத் தேவையில்லை என்பதுதான் அன்றைய சட்டமாம். ஷிப்டை மாற்றிக்கொடுப்பது சிரமமில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. வாதியே ஒரு ஞாயிறு மனமொப்பி வேலை பார்த்திருக்கிறார் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. நீதிபதியை நான் திட்டமாட்டேன். அவர் முன்னால் வைத்ததைத்தானே அவர் பார்க்க முடியும். மேல்முறையீடு உண்டா என்று நான் போய்க் கேட்டபோது, சுத்தமான வழக்கு இல்லை என்று வக்கீல் கையைக் கழுவினார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அசுத்தம் எது? பிள்ளை அடிபட்டுக் கிடந்தபோது அவள் போனதா? தன் கார்டை அடித்ததா? பக்கத்து நாற்காலிக்காரியை விட்டுக்கொடுக்காததா?

போதகர் வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். சர்ச்சில் இப்போது சனிக்கிழமை சாயங்கால ஆராதனை தொடங்கியிருக்கிறோம், அதற்கு வந்துவிட்டு ஞாயிறு வேலைக்குப் போகலாமே, தேவனை நாட்களுக்குள் அடைக்கக் கூடாது என்றார். அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, அவர் கொடுத்த பலகை நான்காவது வரியோடு நின்றுகொண்டிருந்தது. பத்தையும் நீதிமன்றச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசியவர், அதில் ஒன்றை ஒரு பெண் நிஜமாகவே காப்பாற்றினால் சங்கடப்பட்டு நெளிகிறார். இவர்களுக்குக் கட்டளை சுவரில் இருந்தால் போதும். வாழ்க்கையில் இருந்தால் செலவு. எங்கள் தமிழ்ச் சபைப் பெரியவர்கள் மட்டும் ஒசத்தியா? "ஊரோட ஒத்துப் போகணும்மா, ப்ராக்டிகலா இருக்கணும்" என்றார் ஒருவர். அவர் பையில் அன்று மத்தியானம் வாங்கிய கறிவேப்பிலை எட்டிப் பார்த்தது.

போதகர் போனதும் மைனி வெளியே வந்து பலகையைப் பிடுங்கினாள். நான் அதை உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன், உடைத்திருந்தால் கைதட்டியிருப்பேன். குழாயடியில் மண்ணைக் கழுவி, துடைத்து, பின்கட்டில் எழுத்து கீழே இருக்கும்படி குப்புறப் போட்டாள். அந்த வாரம் அதன்மேல் வடகம் போட்டாள். "எழுத்து மேல வடகம் போடப்படாதுல்லா" என்றாள். அவ்வளவு நடந்தும் அந்த எழுத்துக்கு அவள் கொடுத்த மரியாதையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு ஞாயிறு இல்லாத வேலை கிடைத்தது. இன்ஷூரன்ஸும் இல்லாத வேலை. அண்ணன் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டதும், செக்கப்பைத் தள்ளிப் போட்டதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வேலை போனதால்தான் செத்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நான் சொல்கிறேன். அடக்க ஆராதனையில் அதே போதகர், மத சுதந்திரத்துக்காக விலை கொடுத்த குடும்பம் என்று எங்களைக் காட்டிப் பேசினார். விலை என்ற வார்த்தையை அவர் சொன்னபோது மைனி தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தாள், பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஞாயிறு. சபையார் வந்துபோய் வீடு அடங்கியிருந்தது. சாயங்காலம் கோயம்புத்தூர் அக்கா ஷிப்ட் முடித்து நேராக வந்தார். தொழிற்சாலையில் வெள்ளி ஷிப்டும் ஞாயிறு ஷிப்டும் அவருக்கே எழுதிவைத்த மாதிரி ஆகியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. மைனி எழுந்தாள். சபையார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு மேஜை நிறைய ஆறிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குத் தெரிந்து ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அன்றைக்குத்தான். "வேண்டாங்கக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்" என்று அக்கா பதறி எழுந்தார். "உக்காரு. என் ஞாயித்துக்கிழமைய இத்தன வருசம் நீதான வச்சிருந்த" என்று மைனி தோசை வார்த்தாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மைனி இப்போது டெக்ஸாஸில் மகனோடு இருக்கிறாள். அங்கே போகும்போது பலகையை என்னிடம் விட்டுப் போனாள். சர்ச்சிலிருந்து வந்த போனைப் பற்றி நேற்று அவளிடம் சொன்னேன். கொடுக்கவே மாட்டேன், உடைத்துக் குப்பையில் போட்டாலும் போடுவேன் என்று நான் பொரிந்து தள்ளியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "குடு புள்ள. பின்பக்கம் தெரியுற மாதிரி மாட்டச் சொல்லிக் குடு" என்றாள்.

இன்று காலை சர்ச்சுக்குப் போன் பண்ணி அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் போனைக் கீழே வைத்துவிட்டு யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். எழுத்து தெரியாவிட்டால் அந்தப் பலகையை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பலகை என்னிடமே இருக்கட்டும் என்றேன். வெயில் நன்றாக அடிக்கிறது. கராஜிலிருந்து அதை எடுத்துவந்து பின்கட்டில் குப்புறப் போட்டிருக்கிறேன். மிளகாய் மோரில் ஊறிக்கொண்டிருக்கிறது.